முன்பாரம், பின்பாரம்: மாட்டு வண்டியிலிருந்து டிரெய்லர் வரை

தஞ்சாவூர்ப் பக்கத்தில் மாட்டு வண்டி ஓட்டியவர்கள் தராசு வைத்துப் பாரம் ஏற்றியதில்லை. மூட்டைகளை அடுக்கியதும் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார்கள். சுமை முன்னால் மிகுந்தால் முன்பாரம். மாட்டின் கழுத்து புண்ணாகும். பின்னால் மிகுந்தால் பின்பாரம். நுகத்தடி மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். சற்றே முன்பாரமாக இருப்பதுதான் சரியான வண்டி. கிளம்புமுன் கடையாணியை ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பதும் வழக்கம்.

நான் பிரெஞ்சில் படித்தவன். அந்த மொழியில் வண்டியில் மாடு, குதிரை பூட்டுவதற்கும், மோட்டார் வண்டியின் பின்னால் டிரெய்லர் இணைப்பதற்கும் ஒரே சொல்தான்: 'அத்தலாஜ்'. நம்மிடம் பூட்டுதல், பூட்டாங்கயிறு என்று நல்ல சொற்கள் இருந்தும், டிராக்டர் வந்ததும் 'மாட்டிவிடு' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டோம். சொல்லோடு சேர்ந்து அதற்குள் இருந்த கவனமும் போய்விட்டதோ என்று எனக்குத் தோன்றும்.

டிராக்டரின் பின்னால் எதை எங்கே மாட்டுவது என்பது உயிர்ப் பிரச்சினை என்று உலகம் ஆரம்பத்திலேயே கண்டுகொண்டது. 1917ல் அமெரிக்காவில் ஃபோர்ட்சன் டிராக்டர் வந்தது. விலை மலிவு, எடையும் குறைவு. ஆனால் இழுக்கும் கலப்பை பாறையிலோ வேரிலோ சிக்கினால் முன்சக்கரங்கள் மேலே எழும்பி, டிராக்டர் ஓட்டுநர் மேலேயே பின்புறமாகக் கவிழ்ந்துவிடும். அயர்லாந்துக்காரரான ஹாரி ஃபெர்குசன் முதல் உலகப் போர்க் காலத்தில் அரசுக்காக டிராக்டர்களைப் பார்வையிட்டவர். இந்தக் குறையைத் தீர்க்கப் பல ஆண்டுகள் முயன்று, கீழே இரண்டு கைகள், மேலே ஒரு கை என்று கலப்பையை மூன்று இடத்தில் பிடிக்கும் அமைப்பை உருவாக்கினார். இன்று நம் வயல்களில் ஓடும் டிராக்டர்கள் எல்லாவற்றின் பின்னாலும் இருப்பது அதுதான்.

அவர் பெயர் தாங்கிய டிராக்டர் தமிழ்நாட்டுக்கு வர அதிக காலம் ஆகவில்லை. 1960ல் மாசி ஃபெர்குசன் கூட்டுறவோடு சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கியது. அதே காலத்தில் தஞ்சாவூர் மாவட்டத்தில் தீவிர வேளாண்மைத் திட்டம் வந்தது. ஊரில் அதைப் 'பாக்கேஜ் திட்டம்' என்பார்கள். இந்தியாவில் முதலில் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. 1960களின் நடுவில் ஆடுதுறை 27 வந்து குறுவைப் பரப்பு பெருகியது. குறுவையை அறுத்த கையோடு தாளடிக்கு உழ வேண்டும். அந்த அவசரத்துக்கு மாடு ஈடுகொடுக்கவில்லை; டிராக்டர் ஈடுகொடுத்தது.

உழவுக்கு வந்த டிராக்டர் வண்டி வேலையையும் எடுத்துக்கொண்டது. இங்கேதான் சிக்கல். டிராக்டர் தொழிற்சாலையில் கணக்குப் பார்த்துச் செய்தது. டிரெய்லரோ பெரும்பாலும் உள்ளூர்ப் பட்டறையில் வெல்டிங் வைத்துச் செய்தது. இரண்டையும் சேர்ப்பது ஒரு பின். அந்தப் பின் தேய்ந்தாலோ தொலைந்தாலோ, கையில் கிடைத்த கம்பித் துண்டைச் செருகிவிடுவார்கள்.

கொள்முதல் நிலையத்து நெல் மூட்டை 40 கிலோ. நூறு மூட்டை ஏற்றினால் 4 டன். இழுக்கும் சிறு டிராக்டர் 2 டன்கூட இருக்காது. வெண்ணாற்றுக் கரைமேல் ஏறும்போது இந்தச் சுமை பின்னால் இழுக்கும்; இறங்கும்போது, டிரெய்லரில் பிரேக் இல்லையென்றால், டிராக்டரை முன்னால் தள்ளி மடக்கிப்போடும்.

டிரெய்லரைப் பின் அச்சுக்குக் கீழே தாழ்வாக இருக்கும் இழுவைச் சட்டத்தில்தான் மாட்ட வேண்டும். அங்கிருந்து இழுத்தால் டிராக்டர் தரையோடு நிற்கும். சேற்றில் சிக்கிய வண்டியை எடுக்கும் அவசரத்தில் மேல் கையிலோ அச்சுக்கு மேலே வேறெங்கோ சங்கிலி கட்டினால், பழைய ஃபோர்ட்சனுக்கு நேர்ந்ததே நேரும். முன்சக்கரம் தூக்கினால் ஓட்டுநருக்குக் குதிக்கவும் நேரம் இருக்காது.

இரண்டு சக்கர டிரெய்லருக்குப் பாரம் பார்ப்பது மாட்டு வண்டிக் கணக்கேதான். பின்பாரமானால் இணைப்பு மேல்நோக்கி எழும்பும். டிராக்டரின் பின்சக்கரம் பிடிப்பை இழக்கும். பள்ளத்தில் குதிக்கும்போது கிளிப் போடாத பின் கழன்றுவிடும்.

சட்டமும் இதில் கண்டிப்பானது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிராக்டர் என்பது தானே சுமை ஏற்றுவதற்காகச் செய்யப்படாத வண்டி. டிரெய்லருக்குத் தனி விளக்கம் உண்டு. டிராக்டர் ஓட்டும் உரிமம் உள்ளவர் டிரெய்லர் மாட்டியதாலேயே தகுதி இழந்தவர் ஆகமாட்டார் என்று 2001ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் டிரெய்லரில் ஏறிச் சென்று விழுந்த ஒரு கூலித் தொழிலாளியின் வழக்கில், காப்பீட்டு நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்று 2007ல் அதே நீதிமன்றம் கூறியது. அவர் ஏழை என்பதால், முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று உத்தரவிட்டது. அதாவது, கடைசியில் சுமை விவசாயியின் தலையில். நடவுக்குப் போகும் பெண்களையும் கோயிலுக்குப் போகும் குடும்பத்தையும் டிரெய்லரில் ஏற்றுபவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

செலவு ஒன்றும் பெரிதில்லை. துவாரத்துக்கு ஏற்ற பருமனில் ஒரு நல்ல பின், அதன் அடியில் கிளிப், பின் கழன்றாலும் வண்டியைப் பிடித்துக்கொள்ள ஒரு சங்கிலி, பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான். ஆட்களுக்கு வேறு வண்டி. கிளம்புமுன் வண்டிக்காரர் கடையாணியைத் தட்டிப் பார்த்ததுபோல, டிராக்டர் ஓட்டும் தம்பி இறங்கி வந்து ஒருமுறை இணைப்பைக் குனிந்து பார்த்தால் போதும்.