கொள்ளும் பசியும் கொடுக்கும் பசியும்

லோபியின் சுபாவத்தை வருணிக்கும் நூல்கள் நம் மொழியில் பல உண்டு. ஆனால் தயையும் லோபத்தைப் போலவே ஒரு தீராப் பசியாக மனிதனைப் பற்றிக்கொண்டு, அவனுடைய உணவையும் உறக்கத்தையும் இறுதியில் உயிரையுமே ஆளவல்லது என்பதை மணிமேகலையைப் போல விளங்கக் காட்டிய காவியம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 30 காதைகள் கொண்ட அந்நூலை இயற்றியவர் மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் என்பது மரபு. பஞ்ச காலத்தில் தானிய விலை ஏற ஏற லாபமும் ஏறுகின்ற தொழிலில் இருந்த ஒருவர், பசிப்பிணி தீர்ப்பதையே தலையாய தர்மமாகப் பாடினார் என்பதை நினைக்குந்தோறும் அவர்பால் என் மதிப்பு உயர்கிறது.

அவர் படைத்த ஆபுத்திரன், பெற்றவளால் கைவிடப்பட்டு ஏழு நாள் பசுவின் பாலால் உயிர் தரித்தவன். வேள்விக்கென்று கட்டியிருந்த பசுவை விடுவித்த குற்றத்துக்காக ஊரார் வெறுத்தொதுக்க, மதுரைக்கு வந்து, சிந்தாதேவி கோயிலின் அம்பலத்தில் தங்கி, வீடுதோறும் ஓடேந்திப் பிச்சை எடுத்து, பார்வையற்றோரையும் முடவரையும் நோயாளிகளையும் கூவியழைத்து உண்பித்து, மிஞ்சியதைத் தான் உண்டு, அந்த ஓட்டையே தலைக்கு வைத்து உறங்கினான். தேவி அவனுக்கு அள்ள அள்ளக் குறையாமல் உணவளிக்கும் அமுதசுரபி என்னும் பாத்திரத்தை அருளியது இதற்கெல்லாம் பிறகுதான் என்பது கவனிக்கத்தக்கது.

அவனுடைய தானத்தால் தன் ஆசனம் நடுங்கக் கண்ட இந்திரன், 12 ஆண்டு வறண்டு கிடந்த பாண்டிநாட்டில் மழை பொழிவித்தான். நாடு செழித்தது, ஏழைகள் கூடிய அம்பலத்தில் தூர்த்தர்களும் சூதாடிகளும் வந்து நிறைந்தனர். ஏற்பாரைத் தேடி ஊரூராக அலைந்த ஆபுத்திரன், சாவக நாடு மழையின்றி மடிகிறதென்று கேட்டுக் கப்பலேற, காற்றின் கோளாறால் மணிபல்லவத் தீவில் ஒரு நாள் தங்கிய அக்கப்பல், அவன் இறங்கியிருப்பதை அறியாமல் இரவில் போய்விட்டது. மனித சஞ்சாரமற்ற அத்தீவில், எத்தனை காலமாயினும் அவன் ஒருவனைப் போஷிக்கக்கூடிய பாத்திரம் கையிலிருந்தது. பல உயிர்களைக் காக்கவல்ல அதனால் தன்னுயிரை மட்டும் வளர்ப்பது அவனுக்குச் சகிக்கவில்லை. ஆண்டுக்கொரு முறை வெளிப்பட்டு, அருள் நெறியில் நிற்போர் கைக்குச் செல்வாயாக என்று அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்தான். பொற்குவியலின் நடுவே தனித்து விடப்பட்ட லோபி அங்ஙனம் செய்திருப்பானா? தனக்கு மட்டும் என்பதே அவனுக்கு இன்பம். இவனுக்கோ அதுவே மரணம்.

இதற்கு எதிரே சாத்தனார் காயசண்டிகையை நிறுத்துகிறார். 12 ஆண்டுக்கு ஒரு முறை பழுக்கும் நாவற்கனியை, அதற்கெனக் காத்திருந்த முனிவருக்கு இல்லாமல் காலால் சிதைத்துவிட்டு, அத்தனை ஆண்டும் யானைத்தீ என்னும் அடங்காப் பசியால் வருந்தும்படி சபிக்கப்பட்டவள் அவள். அவளை லோபி என்று காவியம் கூறவில்லை. ஆயினும் எவ்வளவு உண்டாலும் நிறையாத அவள் வயிற்றில் பேராசையின் உருவத்தையே நான் காண்கிறேன். மலையளவு சோற்றால் தணியாத அப்பசி, காவிய நாயகி மணிமேகலை, பின்னாளில் தன் கைக்கு வந்துசேர்ந்த அந்த அமுதசுரபியிலிருந்து இட்ட ஒரு பிடியில் தணிகிறது. அதனினும் சிறப்பாக நான் கருதுவது அடுத்து நிகழ்வது: தன் நாடு திரும்பப் புறப்படுமுன், உலக அறவி என்னும் அம்பலத்தில் இடுவோரை எதிர்நோக்கிப் பசித்தோர் பலர் இருக்கின்றனர், அங்கே செல்வாயாக என்று மணிமேகலைக்கு வழி சொல்லிவிட்டே அவள் செல்கிறாள்.