மதராஸில் பிறந்த காரும் அதன் பின் அச்சும்



நம் ஊர் தேர் கொடுத்தவன் ஊர். கடையெழு வள்ளல்களில் ஒருவனான மலையமான் திருமுடிக்காரி பாணர்களுக்குத் தேர்களையே பரிசாகக் கொடுத்தவன் என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! தேர் என்றால் சக்கரம், சக்கரம் என்றால் அச்சு. உப்பு வணிகர்கள் வண்டியின் அடியில் உபரியாக ஓர் அச்சைக் கட்டிக்கொண்டு போன செய்தி புறநானூற்றில் வருகிறது. வழியில் எது முறியும் என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது. இன்றைய பதிவும் ஓர் அச்சைப் பற்றியதுதான். சென்னையில் தயாரான ஒரு கார் தன் பின் அச்சையே மாற்றிக்கொண்ட கதை இது.

1960களில் நம் நாட்டில் கார் வாங்க நினைத்தவருக்கு இருந்த வழி மூன்றுதான். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அம்பாசடர். பம்பாய் குர்லாவில் பிரீமியர் செய்த பியட். மூன்றாவது, நம் வண்டலூர் அருகே ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த வண்டிதான் அது. உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கேலோட்டி. 1961 முதல் மதராஸில் ஸ்டாண்டர்டு என்ற பெயரோடு வெளிவந்தது. இங்கே அதற்கு நான்கு கதவு வைத்தும் செய்தார்கள். இங்கிலாந்துக்காரர்கள் அப்படிச் செய்யவில்லை.

அழகான வண்டி. முன்பக்க மூடி முழுவதும் முன்னால் மடங்கித் திறக்கும். எஞ்சின் பக்கத்தில் நின்றே வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். நம் சன்னதித் தெரு போன்ற இடத்தில் அது எவ்வளவு பெரிய வசதி என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஆனால் அதன் உண்மையான புதுமை கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பின் சக்கரங்களுக்கு நடுவில் இருந்தது.

அம்பாசடரிலும் பியட்டிலும் பின் அச்சு ஒரே நீளக் குழாய். நடுவில் பானை போல ஒரு வீக்கம். அதற்குள் டிஃபரன்ஷியல். இரண்டு பக்கமும் பட்டை ஸ்பிரிங்கின் மேல் அந்தக் குழாய் உட்கார்ந்திருக்கும். மாட்டு வண்டி அச்சுக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மறு சக்கரமும் சாயும்.

டிஃபரன்ஷியல் எதற்கு என்று கேட்ட பிள்ளைகளுக்கு மீண்டும் சொல்கிறேன். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக. இரண்டையும் ஒரே கம்பியில் இறுக்கிவிட்டால் ஒன்று தரையில் தேயும். எஞ்சினின் விசை இரண்டுக்கும் போக வேண்டும், ஆனால் வேகம் வேறுபடவும் வேண்டும். 1827இல் பிரான்சு நாட்டு ஓனேசிஃபோர் பெக்கர் நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை கேட்டார். இன்றைய கார் வரை அடிப்படை அதுவே.

ஹெரால்டில் டிஃபரன்ஷியல் சக்கரங்களோடு குதிக்காது. வண்டியின் சட்டத்தில் போல்ட் போட்டு நிறுத்தியிருப்பார்கள். அதிலிருந்து இரண்டு பக்கமும் கை நீட்டியது போல ஒவ்வொரு ஷாஃப்ட். தோள்பட்டை இருக்கும் இடத்தில் ஒரு யுனிவர்சல் ஜாயின்ட். மேலே குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். இடது சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் வலது சக்கரத்துக்குச் செய்தியே போகாது. கேட்க அருமையாக இருக்கிறது அல்லவா?

குறையும் அங்கேதான் இருந்தது. கை ஏறி இறங்கும்போது சக்கரமும் சாயும். பாரம் ஏற்றினால் சக்கரங்களின் மேல்விளிம்பு உள்நோக்கிச் சாயும். ஸ்பிரிங் தளர்ந்த வண்டியில் டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும். வளைவில் வேகமாகத் திருப்பினால் நேர்மாறாக, வெளிப்பக்கச் சக்கரம் அடியில் மடங்கப் பார்க்கும். இது ஹெரால்டுக்கு மட்டும் வந்த கெட்ட பெயர் அல்ல. அமெரிக்காவின் செவ்ரோலே கார்வேர் காரிலும் இதே வகை அச்சு. ரால்ஃப் நேடர் 1965இல் எழுதிய புத்தகத்தில் அதைத்தான் முதலில் சாடினார். இங்கிலாந்தில் டிரையம்ப் நிறுவனமே 1968இல் விட்டெஸ் என்ற வண்டியில் கீழே ஒரு தாங்கு கரம் சேர்த்து அச்சைத் திருத்தியது.

மதராஸ் என்ன செய்தது? 1972இல் ஹெரால்டுக்குப் பதிலாக கஸல் என்ற வண்டியைக் கொண்டுவந்தது. அதே 948 சி.சி. எஞ்சின். ஆனால் பின்னால் அந்தத் தனித்தனிக் கைகள் இல்லை. அம்பாசடர் போல ஒரே குழாய் அச்சு! உலகம் முன்னே போகும்போது நாம் பின்னே போனோமா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் மெக்கானிக்குகளுக்கும் வாங்குபவர்களுக்கும் பழைய அச்சு பிடிக்கவில்லை என்பதே சொல்லப்படும் காரணம். ஏன் பிடிக்கவில்லை என்பதற்கு விடை அந்தச் சத்தத்திலேயே இருக்கிறது.

எங்கள் உறவினர் ஒருவர் ஹெரால்டு வைத்திருந்தார். பின்னாலிருந்து 'ஊம்' என்று ஒரு முனகல். ஓர் ஒர்க்‌ஷாப்பில் டிஃபரன்ஷியலை இறக்கிப் பிரித்தார்கள், மாட்டினார்கள். சத்தம் போகவில்லை. மறுபடி பிரித்தார்கள். பல மாதச் சம்பளம் கரைந்தது. கடைசியில் லாரி வேலை பார்க்கும் ஒரு பெரியவர் எதையும் பிரிக்காமல் ஜாக்கி போட்டு, ஒரு கையை ஸ்பிரிங் மேல் வைத்து, மறு கையால் சக்கரத்தைச் சுற்றினார். "நடுவுல ஒண்ணும் இல்லைங்க. இடது சக்கரத்து பேரிங் போயிருக்கு" என்றார். அவ்வளவுதான் விஷயம்.

போன வாரம் நம் பழைய மாணவர் ஒருவர் இதே போன்ற சத்தத்தைப் பதிவு செய்து எனக்கு அனுப்பினார். மாமனார் விட்டுப்போன பழைய கார். எடைக்குப் போடச் சொல்கிறார்களாம். நான் மெக்கானிக் அல்ல. ஆனால் நல்ல மெக்கானிக்குகள் எந்த வரிசையில் யோசிக்கிறார்கள் என்று பார்த்துப் பழகியவன். அந்த வரிசையை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் டயர். புது தார் ரோட்டிலும் சொரசொரப்பான ரோட்டிலும் ஓட்டிப் பாருங்கள். ரோடு மாறச் சத்தமும் மாறினால் அது டயர். உள்விளிம்பு தேய்ந்த டயர் அச்சு போலவே முனகும். அச்சின் சத்தத்துக்கு ரோடு பற்றிக் கவலை இல்லை.

இரண்டாவது, ஆக்சிலேட்டர். சமதளமான, ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில் சத்தம் வரும் வேகத்துக்குப் போங்கள். மிதிக்கும்போது மட்டும் ஊளையிட்டால், அல்லது காலை எடுத்ததும் ஊளையிட்டால், டிஃபரன்ஷியலில் உள்ள கிரவுன் வீலும் பினியனும் சரியாகப் பொருந்தவில்லை, அல்லது பினியன் பேரிங் தளர்ந்திருக்கிறது. பல்லின் ஒரு முகம் இழுக்கும்போது வேலை செய்கிறது, மறு முகம் காலை எடுக்கும்போது வேலை செய்கிறது. எந்த முகம் கெட்டதோ அது பேசும்.

மூன்றாவது, வளைவு. மிதித்தாலும் விட்டாலும் சத்தம் ஒரே மாதிரி இருந்து, வண்டியின் வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கினால் சக்கர பேரிங் மேல் சந்தேகம். மெதுவாக வலப்பக்கம் திருப்பினால் பாரம் இடப்பக்கம் சாயும். அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் இடது பேரிங்.

நான்காவது, தட்டல். வண்டி கிளம்பும்போதும் காலை எடுக்கும்போதும் 'டொக்' என்று ஒரே ஓர் அடி கேட்டால் யுனிவர்சல் ஜாயின்ட் தேய்ந்திருக்கலாம்.

இத்தனைக்கும் பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். அப்போதும் முதலில் எண்ணெய் மட்டம். பினியன், கிரவுன் வீலின் மையத்துக்குக் கொஞ்சம் கீழே அமைந்த பல்லமைப்புக்கு ஹைபாய்டு என்று பெயர். 1926இல் பேக்கார்டு கார்களில் வந்தது. வண்டியின் தரையைத் தாழ்த்த அது உதவியது. ஆனால் அதில் பல் மேல் பல் உருள்வதோடு சறுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்தைச் சாதாரண எண்ணெய் தாங்காது. அதனால்தான் அதற்கென்று ஹைபாய்டு கியர் ஆயில் கேட்கிறார்கள். எண்ணெய் குறைந்து ஓடிய அச்சு முதலில் முனகும், பிறகு கத்தும், கடைசியில் பல் உதிரும். பழைய எண்ணெயை வடிக்கும்போது விரலில் தேய்த்துப் பாருங்கள். மினுமினுக்கும் பொடி கொஞ்சம் இருந்தால் வயது. துண்டு துண்டாக இரும்பு வந்தால் ஆபத்து.

கிரவுன் வீலையும் பினியனையும் தொழிற்சாலையில் ஒன்றோடு ஒன்று தேய்த்துப் பழக்கி ஜோடியாகவே அனுப்புவார்கள். ஒன்றை மட்டும் மாற்றுவது அடுத்தவர் பல்செட்டை மாட்டிக்கொள்வது போல. மாட்டும்போது பல்லில் சாயம் தடவிச் சுற்றிப் பார்த்து, அடையாளம் பல்லின் நடுவில் விழும் வரை மெல்லிய தகடுகளைக் கூட்டிக் குறைக்க வேண்டும். பொறுமை வேலை.

இப்போது ஹெரால்டுக்கு வருவோம். அதன் பின் சக்கர ஹப், கூம்பு வடிவ ஷாஃப்டில் இறுகிப் பிடித்திருக்கும். கழற்ற அதற்கென்றே கனமான புல்லர் வேண்டும். அந்தப் புல்லர் எல்லா ஊர்ப் பட்டறையிலும் இருக்குமா? இல்லாத இடத்தில் சுத்தியல்தான் வேலை செய்யும். சுத்தியல் பட்ட ஹப்பும் ஷாஃப்டும் நேராக இருக்காது. இன்னொன்று, உள்பக்க ஊசி பேரிங் ஷாஃப்டின் மேலேயே நேரடியாக உருளும். கிரீஸ் வைக்க மறந்தால் பேரிங் மட்டும் போகாது, ஷாஃப்டிலும் பள்ளம் விழும். அப்படித் தேய்ந்த ஷாஃப்ட் ஒருநாள் ஓடும்போதே முறிந்தால், சக்கரம் ஷாஃப்டோடு கழன்று போகும். ஆகவே அந்த முனகல் காதுக்குத் தொந்தரவு என்பதோடு முடியவில்லை. வண்டியில் இருக்கும் குடும்பத்துக்கு அது முன்னெச்சரிக்கை.

டிஃபரன்ஷியல் சட்டத்தோடு பிணைந்திருப்பதால் எங்கே முனகினாலும் சத்தம் சீட்டுக்கு அடியில் கேட்கும். அதனால்தான் சக்கரத்தில் நோய் இருக்க, நடுவில் அறுவை சிகிச்சை நடந்தது. இங்கிலாந்தில் கிரீஸ் வைக்கும் அட்டவணையும், உரிய புல்லரும், பயிற்சி பெற்ற ஆளும் இருந்த இடத்தில் அந்த அச்சு ஓடியது. இங்கே மாட்டு வண்டி அச்சில் தொடங்கி லாரி அச்சில் தேர்ந்த கைகள் இருந்தன. அந்தக் கைகளுக்குத் தெரிந்த அச்சை மதராஸ் கொடுத்தது. அதை நான் பின்வாங்கல் என்று சொல்ல மாட்டேன். வரைபடத்தில் எது உயர்ந்தது என்று பார்ப்பதோடு, ராத்திரியில் சங்கராபுரம் ரோட்டில் நின்றுபோனால் யார் சரிசெய்வார் என்றும் ஒரு தொழிற்சாலை கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆனால் அச்சு மட்டும் கஸலைக் காப்பாற்றவில்லை. 1977 வாக்கில் அதுவும் நின்றது. 1985இல் ரோவர் வண்டியின் உருவத்தில் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. உள்ளே பழைய எஞ்சின், வெளியே பெரிய விலை. அதற்குள் மாருதி வந்துவிட்டது. சில ஆண்டுகளில் வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை மூடப்பட்டது. அம்பாசடரோ, மாட்டு வண்டித் தம்பியான அதே அச்சோடு 2014 வரை ஓடியது. எந்தக் கிராமத்திலும் அதைப் பிரித்து மாட்ட ஓர் ஆள் இருந்தார் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

இன்று அந்த ஆட்களுக்கு வயதாகிவிட்டது. கம்ப்யூட்டரில் செருகிப் பார்க்க இடமில்லாத வண்டிகள் அவை. கையும் காதும்தான் கருவி. என்னிடம் கணக்கில் 35 வாங்கத் திணறிய சிலர் இன்று மணலூர்ப்பேட்டை ரோட்டிலும் கள்ளக்குறிச்சியிலும் நல்ல பட்டறை வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு என் வேண்டுகோள்: உங்கள் குருமார்கள் சத்தத்தை வைத்து நோயைக் கண்டுபிடித்த விதத்தை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்த வண்டி, எந்த வேகம், மிதிக்கும்போதா விடும்போதா, கடைசியில் என்ன கிடைத்தது. நான்கு கட்டம் போட்ட பக்கம் போதும். பிழையாக எழுதினாலும் பரவாயில்லை, திருத்தித் தர நான் இருக்கிறேன்.