மின்விளக்கும் லயன் கூரையும்

மலைநாட்டுத் தோட்டங்களுக்குள் மின்சாரம் முதலில் நுழைந்தது தேயிலைத் தொழிற்சாலையின் வாயில் வழியாகவே ஆகும். பூண்டுலோயாவைப் போல ஓடைகளும் அருவிகளும் மலிந்த பகுதிகளில், நீரின் வீழ்ச்சியால் சுழலிகளை ஓட்டித் தேயிலை உருட்டும் பொறிகளை இயக்கும் வழக்கம் வெள்ளைத் துரைமார் காலத்திலேயே வேரூன்றிவிட்டது. இத்தகைய சிறு நீர்மின் நிலையங்கள் மலைநாடெங்கும் நூற்றுக்கணக்கில் இருந்தன. தொழிற்சாலை ஒளிமயமாக விளங்கிய இரவுகளில், கூப்பிடு தூரத்து லயன்களில் மண்ணெண்ணெய்க் குப்பிவிளக்கே எரிந்தது. இவ்வேற்றுமையை மனத்திற் கொண்டாலன்றி, மின்கருவிகளின் பாதுகாப்பைப் பற்றிய சட்டங்களின் வரலாறு இப்பகுதியில் விளங்காது.

அச்சட்டங்கள் தீயின் அச்சத்திற் பிறந்தவை. 1882இல் இலண்டனில் மின்பொறியியலாளர் சங்கமொன்று முதன்முதலாக விதிகளை வகுத்தபோது, மின்விளக்கினால் விளையும் தீயைத் தடுப்பதே அவற்றின் தலைப்பாக அமைந்தது. கொழும்பு மின்விளக்கைக் கண்டது 1895இல். பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1912இல் நுவரெலியாவை அடுத்த பிளாக்பூலில் சிறு நிலையமொன்றை அமைத்தார். 1918இல் அவர் எடுத்துரைத்த பெருந்திட்டமோ முப்பது ஆண்டுகளுக்குமேல் காத்திருந்து, 1950இல் லக்சபானவிலே நிறைவேறிற்று. அவ்வாண்டின் 19ஆம் இலக்க மின்சாரச் சட்டம் மின்சாரத்தை உண்டாக்குவதையும் வழங்குவதையும் ஒழுங்குபடுத்தியது. பொருள்களின் தரத்தை வரையறுக்கும் நிறுவனம் 1964இல் தோன்றியது. இன்று இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் எனப்படுவது அதுவே.

சிறிய செருகி ஒன்றின் கதை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. 1947இல் பிரித்தானியா வகுத்த பதின்மூன்று அம்பியர்ச் செருகியில் புவிமுனை ஏனைய இரண்டினும் நீளமானது. அது முதலில் நுழைந்து, குதையினுள் இருக்கும் மூடிகளைத் திறந்துவிடும். குழந்தையின் விரலோ ஆணியோ மின்னைத் தொடாதபடி காப்பவை அம்மூடிகளே. உருகியும் செருகிக்குள்ளேயே உண்டு. இலங்கையிலோ உருண்டை முனையுடைய ஐந்து அம்பியர், பதினைந்து அம்பியர் வகைகளும் நெடுங்காலம் கலந்து வழங்கின. இருமுனைச் செருகியை நுழைப்பதற்காகக் குச்சியொன்றால் புவித்துளையைக் குத்தி மூடியைத் திறக்கும் ‘கைத்திறன்’ நாடறிந்தது. சட்டம் இயற்றியவர்கள் இக்குச்சியை எண்ணிப் பார்த்திருப்பார்களோ என்பது ஐயமே. 2009ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்துக்குப் பின், பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் முயற்சியால், பதின்மூன்று அம்பியர் வகை ஒன்றே நாட்டின் நியமமாயிற்று.

ஆயினும் முத்திரையும் நியமமும் துறைமுகத்திலும் கடையிலும் காவல் நிற்பவை. லயன் என்பதோ ஒரே நீண்ட கூரையின் கீழ் சுவரோடு சுவர் ஒட்டிய காம்பராக்களின் வரிசை; விறகடுப்பின் புகையிற் காய்ந்து கருத்த மரச்சட்டங்கள் அதன் மேற்பகுதி. தனி வீட்டில் கம்பி பழுதானால் அந்த வீட்டோடு போகும். இங்கே வரிசை முழுவதும் வெந்துவிடும். மின்னொழுக்கினால் லயன் எரிந்து குடும்பங்கள் பாடசாலையிலோ கோவிலிலோ தங்கிய செய்திகள் மலைநாட்டாருக்குப் புதியன அல்ல. காம்பரா தோட்டத்தின் உடைமை; குடியிருப்பவர் கையில் உறுதிப்பத்திரம் இல்லை. ஆதலின் தம் பெயரில் இணைப்புப் பெறுவது பலருக்கு எளிதாயிருக்கவில்லை. அயற் காம்பராவிலிருந்து கம்பி இழுத்துக்கொள்வதே கைகண்ட வழியாயிற்று. முத்திரை பெற்ற குதையில் முத்திரை பெற்ற செருகியே பொருந்தியிருப்பினும், அக்குதையின் பின்னாலிருந்து சுவரைத் துளைத்துச் செல்லும் அந்தக் கம்பியைப் பரிசோதித்தவர் எவருமிலர்.