மண்ணுக்குள் நோக்கும் கருவிகள்

ஒரு நகரத்தின் வரலாற்றை அதன் தெருக்களையும் கட்டடங்களையும் கொண்டு எழுதுவதே வழக்கம். ஆயினும் நகரத்தின் ஒரு பகுதி மண்ணுக்குள் இருக்கின்றது. சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் நடப்போர் வீரமாகாளியம்மன் கோயிற் கோபுரத்தைக் காண்பர், பூக்கடைகளைக் காண்பர். காலடியில் உள்ள குடிநீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் மின்கம்பியையும் காணார். கண்ணுக்குப் புலனாகாத இப்பகுதியை மக்கள் எவ்வாறு அறிந்தனர், எவ்வாறு அளந்தனர் என்பது அறியத்தக்க வரலாறாகும்.

1836-ஆம் ஆண்டில் ஜார்ஜ் கோல்மன் என்பார் நகரை அளந்தார். அவ்வளவையைக் கொண்டு வரைந்த படம் பெயர் பெற்றது. பொதுப்பணிகளை மேற்பார்த்த இவர், இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பைக் கொண்டு சாலைகள் அமைத்தவர். அக்காலத்து நில அளவையாளரின் முதன்மையான கருவிகள் 66 அடிச் சங்கிலியும், திசைகாட்டியும், தியோடலைட்டும் ஆகும். தியோடலைட் என்பது தொலைநோக்கியின் வழியே ஒரு குறியை நோக்கிக் கோணம் அளக்கும் கருவி. பார்வை செல்லுமிடம் வரையில்தான் அது பயன்படும். மண்ணோ பார்வையை மறைத்துவிடும். ஆகவே நிலத்தடியை அறிய இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று, குழி தோண்டிப் பார்ப்பது. மற்றொன்று, முன்பு தோண்டியவர் எழுதி வைத்த குறிப்பை நம்புவது.

குறிப்பு மறைந்தால் நிலத்தடியும் மறைந்துவிடும். இதற்கு ஃபோர்ட் கேனிங் குன்று நல்ல சான்று. அங்கே ஏறத்தாழ 9 மீட்டர் ஆழத்தில் பிரிட்டிஷ் படையின் நிலவறைகள் உள்ளன. ஜப்பானியரிடம் சரணடைவதென 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் முடிவு செய்யப்பட்டது அங்கேதான். அத்தகைய இடமும் பின்னர் மூடப்பட்டு மறதிக்குள்ளாயிற்று. 1988-ல் ஒரு செய்தியாளரின் தேடலாலேயே அது மீண்டும் வெளிப்பட்டது.

1983-ல் விரைவு ரயில் பாதைப் பணி தொடங்கிற்று; 1987-ல் முதல் ரயில் ஓடிற்று. சுரங்கம் வெட்டுமுன் நிலத்தைத் துளைத்து, ஆழத்திற்கு ஆழம் மண் மாதிரிகளை எடுத்து ஆராய்ந்தனர். ஓரிடத்தில் கருங்கல், வேறோரிடத்தில் குழைந்த கடற்களிமண் என, சிறிய தீவாயினும் அதன் அடிநிலம் ஒரு தன்மையதன்று. முன்னாளில் குதிரைப் பந்தயத் திடலால் பெயர் பெற்ற ரேஸ் கோர்ஸ் சாலையின் அடியில் 2003 ஜூன் 20 முதல் ரயில் ஓடுகின்றது. லிட்டில் இந்தியா நிலையம் திறக்கப்பட்டதும் அன்றே.

மறு ஆண்டிலேயே பெருந்துயர் நேர்ந்தது. 2004 ஏப்ரல் 20-ஆம் நாள், நிக்கோல் நெடுஞ்சாலையருகே ஏறத்தாழ 30 மீட்டர் ஆழம் தோண்டப்பட்டிருந்த சுரங்கப் பள்ளம் இடிந்து விழுந்தது. நால்வர் மாண்டனர். அவர்களுள் ஒருவரான மேற்பார்வையாளர், தம் தொழிலாளரை மேலே ஏற்றிவிட்டுத் தாம் உயிர் நீத்தார். அங்கே கருவிகள் இல்லாமலில்லை. சுவரின் சாய்வை அளக்கும் மானிகளும், எஃகுத் தாங்கிகளின் மீதுள்ள சுமையை அளக்கும் மானிகளும் இருந்தன. சுவர் எல்லை மீறி வளைவதை அவை முன்னரே காட்டின. வடிவமைப்பில் பிழைகள் இருந்தன என்றும், கருவிகளின் எச்சரிக்கை உரியவாறு மதிக்கப்படவில்லை என்றும் விசாரணைக் குழு கண்டது. கருவி சொன்னதைக் கேட்டுப் பணியை உரிய காலத்தில் நிறுத்துவார் இல்லையெனின், கருவியால் ஆவதென்ன?

இன்று தோண்டாமலே மண்ணுக்குள் பார்க்க ரேடார் வந்துள்ளது. 1929-லேயே ஆஸ்திரியாவில் ஸ்டெர்ன் என்பார் பனியாற்றின் ஆழத்தை வானொலி அலைகளால் அளந்தார். ரேடார் மண்ணுக்குள் அலைகளைச் செலுத்துகின்றது. குழாயில் பட்டு அலை திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணக்கிடுவர். உலோகக் குழாயையும் மின்கம்பியையும் காந்தப்புலத்தால் கண்டறியும் கருவியும் உண்டு. ஆயின் ரேடாருக்கும் ஓர் எல்லை உண்டு. ஈரக் களிமண்ணும் உப்புநீரும் அதன் அலைகளை விழுங்கிவிடும். கடலோரச் சிங்கப்பூரில் இவ்விரண்டிற்கும் குறைவில்லை!

ஆதலின் 2017-ல் சிங்கப்பூர் நில ஆணையம் சூரிச் நகர ஆய்வாளருடன் கூடி, நிலத்தடிப் படம் வரையும் முறைகளை ஆராயத் தொடங்கிற்று. ரேடார் வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. குழாய் பதிக்கும்போதே, குழி மூடப்படுமுன், அதன் இடத்தையும் ஆழத்தையும் அளந்து பொதுப் பதிவேட்டில் சேர்த்தல் வேண்டும். இதுவே அவ்வாய்வு வலியுறுத்தும் வழி.

இக்குழிகளில் இறங்கி உழைப்போருள் தமிழகத்திலிருந்து சென்றோர் பலர். ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவில் கூடுவோரும் அவரே. பதிவேட்டில் இல்லாத மின்கம்பி ஒன்று கடப்பாரையில் பட்டால் போவது அவர்தம் உயிர். அளந்து எழுதுவோரும், மானியைப் படிப்போரும், வேலையை நிறுத்தும் அதிகாரம் பெற்றோரும் இதனை நாள்தோறும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.