இணையவழி ஏளனமும் இளஞ்சிறார் காப்பும்

முன்னாளில் சிறுவரை வாட்டிய ஏளனம் பெரும்பாலும் பள்ளி வாயிலோடு நின்றது. இன்றோ கைப்பேசி வழியே படுக்கையறை வரை தொடர்கிறது. இதனைத் தடுக்க நாடுகள் சட்டம் வகுத்த வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

ஜப்பான் 2013இல் இயற்றிய பள்ளிக் கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இணையவழிக் கொடுமையையும் சேர்த்தது. ஆஸ்திரேலியா 2015இல் இதற்கென ஓர் ஆணையர் பதவியை நிறுவியது; இழிமொழியை நீக்க அன்று விதித்த 48 மணி நேரக் கெடுவை 2021ஆம் ஆண்டுச் சட்டம் 24 மணியாகக் குறைத்தது. இத்தாலியின் 2017ஆம் ஆண்டுச் சட்டமோ, 14 வயது நிரம்பிய சிறார் தாமே முறையிடும் உரிமையை வழங்கிற்று. நம் நாட்டின் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் பாலியல் கொடுமையினின்றே காக்கிறது.

சட்டத்தினும் முந்தியது பெற்றோர் செவி. கலங்கி நிற்கும் பிள்ளையைக் கடியாது, அது சொல்வதை முதலில் செவிமடுப்போமாக.