குறைகடத்திச் சில்லுப் பொதியிடலில் பொருட்பண்பு ஆய்வு

சிலிக்கன் சில்லை வெப்பம், ஈரம், அதிர்வு ஆகியவற்றிலிருந்து காத்து, சுற்றுப்பலகையுடன் இணைக்கும் வேலை பொதியிடல் எனப்படும். பொதியிலுள்ள உலோகம், பிசின், சிலிக்கன் ஆகியவற்றின் கட்டமைப்பையும் தகைப்பையும் இரசாயன நிலையையும் அளக்கும் முறைகள் பொருட்பண்பு ஆய்வில் அடங்கும். முன்பு பெரும்பாலும் ஒரு பொதியில் ஒரு சில்லே இருந்தது. இன்று பல பொதிகளில் சில்லுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மிக நுண்ணிய செப்பு இணைப்புகளால் கோக்கிறார்கள்.

பழுதுகளில் பெரும்பாலானவை இரு பொருள்கள் சந்திக்கும் எல்லையில் தொடங்குகின்றன. ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் சிலிக்கன் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 2.6 பங்கு விரியும். செப்பு 17 பங்கு விரியும். ஈயமற்ற பற்றாசு 217 பாகையளவில் உருகத் தொடங்குவதால், பொருத்தும் சூளையின் வெப்பநிலை 245 பாகையையும் எட்டும். அந்த ஏற்ற இறக்கத்தில் பொதி அப்பளம்போல் வளையும்.

முதலில் உடைக்காமல் பார்ப்பதே வழக்கம். மீயொலி நுணுக்குக்காட்டியில் மாதிரியை நீரில் வைத்து ஒலியலையைச் செலுத்துவர். காற்றிடைவெளி அலையை ஏறக்குறைய முழுவதுமாகத் திருப்பிவிடுவதால், பிசின் கழன்ற இடம் தெளிவாகத் தெரியும். எக்ஸ் கதிருக்கு அந்த மெல்லிய பிரிவு அகப்படாது. ஆனால் பற்றாசினுள் உள்ள குமிழிகளையும் அறுந்த கம்பியையும் எக்ஸ் கதிர் காட்டும். அதன்பின்பே மாதிரியை வெட்டி மெருகிட்டு, பற்றாசும் செப்பும் சேருமிடத்தில் உருவாகும் செப்பு-வெள்ளீயச் சேர்மப் படலத்தின் தடிப்பை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் அளப்பர். அப்படலம் இல்லாவிட்டால் ஒட்டு இல்லை. மிகத் தடித்தால் மூட்டு நொறுங்கும்.

தகைப்பை அளக்கும் முறைகளுள் இராமன் நிறமாலையியல் சிறப்பிடம் பெறுகிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன் 1928இல் கல்கத்தாவில் கண்டறிந்த ஒளிச்சிதறலே இதன் அடிப்படை. தகைப்பற்ற சிலிக்கனின் இராமன் கோடு ஒரு சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 520 அலை என்னுமிடத்தில் விழும். சிலிக்கன் நெருக்கப்பட்டால் கோடு மேலே நகரும்; இழுக்கப்பட்டால் கீழே இறங்கும். சிலிக்கனைத் துளைத்துச் செல்லும் செப்புத் தூண்களைச் சுற்றியுள்ள தகைப்பை, லேசர் கற்றையை நகர்த்தி, ஏறத்தாழ ஒரு மைக்ரோமீற்றர் நுணுக்கத்தில் வரைபடமாக்கலாம். தகைப்பு திரான்சிற்றரின் வேகத்தை மாற்றுவதால், தூணிலிருந்து எவ்வளவு தள்ளித் திரான்சிற்றர்களை வைப்பது என்பதை வடிவமைப்பாளர் இவ்வகை அளவீடுகளைக் கொண்டு முடிவு செய்கின்றனர்.

உப்புக்காற்றில் தகரமும் தாழ்ப்பாளும் என்ன ஆகும் என்று கடலோர வல்வெட்டித்துறையாருக்குச் சொல்லத் தேவையில்லை. பொதியின் உள்ளேயும் குளோரைட்டு அயன்தான் எதிரி. தங்கம் விலையேறியதால் பல பொதிகளில் தங்கக் கம்பிக்குப் பதிலாகச் செப்புக் கம்பி வந்தது. அது சில்லிலுள்ள அலுமினியத்துடன் சேருமிடத்தில் உருவாகும் சேர்மத்தைக் குளோரைட்டு அரிக்கும். கடலுக்கு வெகுதொலைவிலும் இது நேரலாம். பிசினிலேயே எஞ்சிய குளோரைட்டுக்கு ஈரம் மட்டுமே போதும். இவ்வகை அரிப்பை முன்கூட்டியே வெளிக்கொணர 85 பாகை வெப்பம், 85 வீத ஈரப்பதன், 1000 மணித்தியாலம் என்ற கடுஞ்சோதனை பயன்படுகிறது.

தெற்கு, தென்கிழக்கு ஆசியாவில் பொதியிடல் தொழில் புதிதன்று. மலேசியாவின் பினாங்கில் இன்டெல் 1972இல் பொதியிடல் ஆலையைத் தொடங்கியது. சென்னைக்கு அருகே மறைமலைநகரில் ஸ்பெல் நிறுவனம் பொதியிடலையும் சோதனையையும் செய்துவந்துள்ளது.

செப்பைச் செப்போடு பற்றாசின்றி நேரே பிணைக்கும் கலப்புப் பிணைப்பு இப்போதைய சவால். மெருகிட்ட செப்புத் திண்டு, சுற்றியுள்ள மின்கடத்தா ஒட்சைட்டை விடச் சில நானோமீற்றரே தாழ்ந்திருக்க வேண்டும். அணுவிசை நுணுக்குக்காட்டியால் இதைப் பிணைப்பதற்கு முன்பே அளக்கிறார்கள். பிணைத்தபின், மீயொலிக்கு எட்டாத மிகச் சிறு வெற்றிடங்களைக் காண மாதிரியை வெட்டவேண்டியிருக்கும்.