மாளிகை விளக்கும் ஜாம் போத்தலும்

வெரிபீ மாளிகையைப் பார்த்துத் திரும்பும் நம்மவர் அதன் கோபுரத்தைப் பற்றியும் பக்கத்து ரோசாத் தோட்டத்தைப் பற்றியுமே பேசுகின்றனர். அறைகளிலுள்ள பழைய விளக்குகளும் கண்ணாடிப் பொருட்களும் பேச்சில் வருவதில்லை. வெள்ளைக்காரப் பண்ணைக்காரனின் சாமான்களால் நமக்கென்ன என்று கேட்பவர்களும் உளர். நியாயமான கேள்விதான். ஆனால் விளக்கின் வரலாறு அந்த வீட்டுச் சுவர்களோடு நின்றுவிடவில்லை.

ஸ்கொட்லாந்திலிருந்து வந்து செம்மறியாட்டுப் பண்ணைகளாற் செல்வந்தரான தோமஸ், அன்ட்ரூ சேர்ன்சைட் சகோதரர்கள் 1874 முதல் 1877 வரை கட்டிய அறுபது அறை வீடு அது. (நிலம் யாருடையதாக இருந்தது என்பதை ஊரின் பெயரே சொல்லும். ‘வெரிபீ’ ஆதிக்குடிகளின் சொல்.) 1923 முதல் 1973 வரை கத்தோலிக்க குருமடமாக இருந்து, பின்னர் விக்ரோறிய அரசின் கைக்கு வந்தது.

வீடு கட்டி முடிந்தபோது எடிசனின் மின்குமிழ் வெளிவர இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. மெழுகுதிரி, மண்ணெண்ணெய், காஸ் என்பனவே அக்காலத்துச் செல்வந்தரின் வெளிச்சம். எல்லாமே திறந்த சுடர்கள். மஞ்சளாக எரிந்து புகை கக்குபவை. அதனாலேதான் இத்தனை கண்ணாடி. சிமினி காற்றை மேலிழுத்துச் சுடரை நிமிர்த்தியது. மங்கற் கண்ணாடிக் கோளம் கண் கூசாமற் காத்தது. பட்டை தீட்டிய தொங்கல்களும் சுவர்க் கண்ணாடிகளும் பற்றாக்குறையான ஒளியைப் பெருக்கிக் காட்டின. இன்று அலங்காரமாகத் தோன்றுவது அன்று தேவை. இத்தகைய வீடுகளில் நாள்தோறும் கரி துடைத்துத் திரி கத்தரித்த வேலைக்காரரின் பெயர்கள் பெரும்பாலும் எவ்வேட்டிலும் இல்லை.

1885இல் ஒஸ்ரியரான வெல்ஸ்பாக் காஸ் விளக்குக்கு ‘மென்ரில்’ செய்து உரிமம் பெற்றார். பிற்பாடு அவர் செம்மைப்படுத்திய முறை இது: நூல்வலைப் பையொன்றைத் தோரியமும் சிறிதளவு சீரியமும் கலந்த உப்புக்கரைசலில் தோய்த்து எரித்தால், நூல் போய்ச் சாம்பற்கூடு மிஞ்சும். அக்கூடு வெண்ணிறமாக ஒளிரும். கலவையில் ஏறத்தாழ 99 பங்கு தோரியம். உலக நகரங்களெல்லாம் மென்ரிலுக்கு மாறவே, தோரியத்துக்கு வேட்டை தொடங்கியது.

நமது கதை நுழைவது இங்கேதான். 1904இல் இலங்கையின் பலாங்கொடைப் பக்கத்து இரத்தினக்கல் மண்ணிலிருந்து கனமான கறுப்புக் கனிமமொன்று வெளிவந்தது. அதை ஆராய்ந்து வெளிப்படுத்தியவர் கனிமவள ஆய்வின் தலைவராயிருந்த ஆனந்த குமாரசுவாமி, சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன். கலை வரலாற்றறிஞராக அவரைக் கொண்டாடும் நாம் இதைச் சொல்வதேயில்லை. அக்கனிமத்தின் பெரும்பகுதி தோரியம் என்று இலண்டனிற் கண்டறிந்து ‘தோரியனைற்’ எனப் பெயரிட்டனர்.

1909இல் திருவிதாங்கூர்த் தும்புக் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கண்ட ஜேர்மானியர் ஷொம்பேர்க், அதன் ஊற்றைத் தேடி மணவாளக்குறிச்சிக் கடற்கரையை அடைந்தார். இன்று அது கன்னியாகுமரி மாவட்டம். அங்கு அள்ளிய மொனசைற் மணல் ஐரோப்பிய மென்ரில் ஆலைகளுக்குப் போயிற்று. மண்ணை அள்ளியவர் கூலி வாங்கினர்; வெளிச்சம் வேறிடத்தில் எரிந்தது.

அதே மென்ரில் பேர்லினிற் பிறந்த பெற்றோமாக்ஸில் ஏறி நமது கலியாண வீடுகளுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் திரும்பி வந்தது. தொட்டால் உதிரும் அந்தச் சாம்பற்பையைக் கட்டிய கைகள் வெரிபீயிலும் இருக்கும்.

1990 ஆனியில் மீண்டும் போர் மூண்டதும் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய்க்கும் தடை. பெற்றோமாக்ஸுக்கு எண்ணெய் கட்டுபடியாகாது. அப்போது தோன்றியதுதான் ஜாம் போத்தல் விளக்கு. அடியிற் சிறிது பஞ்சு, அது நனையுமளவு எண்ணெய், கம்பியிற் பிடித்த நூல்திரி. சுடர் போத்தலுக்குள்ளேயே எரியும்; காற்று அணைக்காது, எண்ணெய் வீணாகாது. மாளிகைச் சிமினியின் வேலையையே, கழுவி வைத்த வெறும் போத்தல் செய்தது. ஒரு தலைமுறை அந்த ஒளியிற் படித்துப் பரீட்சை எழுதியது.

சேர்ன்சைட் வீட்டு விளக்குகளுக்கு அரசு காவல் உண்டு. ஜாம் போத்தலை யாரும் காக்கவில்லை. தேவை தீர்ந்ததும் எறிந்தோம். அதைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு இப்போது ஐம்பது, அறுபது வயது. எத்தனை துளி எண்ணெய், எந்தத் தடிப்பில் திரி, ஓரிரவுக்கு எவ்வளவு நேரம் எரிந்தது என்பதெல்லாம் அவர்கள் நினைவில் மட்டுமே உள்ளன. நமது சங்க அலுமாரிகளில் பித்தளைக் குத்துவிளக்குக்கு இடம் இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு போத்தலை வைத்து, ஊரையும் ஆண்டையும் எழுதி ஒட்டுவதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை.